படம் பார்க்கும் கண்ணுக்கு யார் மார்க் போடுவது?



இது நீளமான பதிவு. அவசரத்தில் இருப்பவர்கள் இரவு சாப்பாட்டுக்குப் பிறகு படியுங்கள். மார்பகப் பரிசோதனை பற்றி எழுதுகிறேன். ஆண்பிள்ளைகள் கூச்சப்பட்டுக்கொண்டு தள்ளிவிட்டுப் போகவேண்டாம், வீட்டுப் பெண்களுக்குப் படித்துக் காட்டுங்கள்.

என் சித்தி மகளுக்கு நடந்தது உறவுகளில் பாதிப் பேருக்குத் தெரியும். அவள் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். பேர் மட்டும் போடாதீங்க அக்கா என்றாள். 52 வயதில் மேமோகிராம் எடுத்தாள். ரிப்போர்ட்டில் 'பைராட்ஸ் 1' என்று இருந்தது. சந்தேகப்படும்படி ஒன்றுமில்லை என்று அர்த்தம். பதினோரு மாதம் கழித்துக் குளிக்கும்போது கையில் கட்டி தட்டுப்பட்டது. பயாப்ஸியில் புற்றுநோய் என்று வந்தது. அப்போது பார்த்த டாக்டர் பழைய ஃபிலிமை விளக்கு வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "இப்போ பார்க்கும்போது இந்த இடத்துல லேசா ஒரு நிழல் தெரியுது" என்றாராம்.

அந்த ஒரு வார்த்தையில் குடும்பம் இரண்டாகப் பிரிந்தது. தம்பிகள் எல்லாம், "முதல்ல பார்த்தவன் கண்ணை எங்கே வச்சிருந்தான், கேஸ் போடணும்" என்றார்கள். பெண்கள் பக்கம் வேறு பேச்சு. என் தம்பி மனைவி, "படம் எடுத்தும் தெரியலைன்னா அப்புறம் எதுக்குக்கா எடுக்கணும்? நான் போகப்போறதில்லை" என்றாள். இந்த இரண்டாவது பேச்சுதான் எனக்குப் பயமாக இருந்தது.

என்னிடம் நாலாம் வகுப்பு படித்த ஒரு பிள்ளை இப்போது வெளியூரில் எக்ஸ்ரே டெக்னீஷியன். போனில் அவனிடம் புலம்பினேன். "டீச்சர், படம் பார்க்கிற டாக்டருங்களுக்கே சில நாட்டில பரீட்சை வைக்கிறாங்க. எல்லாருமே கொஞ்சம் கொஞ்சம் விடுவாங்க டீச்சர். யார் எவ்வளவு விடுறாங்கன்னு கணக்கு எடுக்கிறதுதான் விஷயம்" என்றான். நாற்பது வருஷம் மற்றவர்களுக்கு மார்க் போட்டவள் நான். மார்க் போடுபவருக்கே பரீட்சையா என்று ஆர்வம் வந்துவிட்டது. மூன்று மாதம் தேடித் தேடிப் படித்தேன். படித்ததைத்தான் உங்களுக்குச் சொல்கிறேன்.

மார்பகத்தை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த முதல் ஆள் என்று ஆல்பர்ட் சாலமன் என்ற பெர்லின் அறுவை மருத்துவரைச் சொல்கிறார்கள். 1913ல், அறுவை சிகிச்சையில் எடுத்த சுமார் 3000 மார்பகங்களைப் படம் எடுத்து, எந்த நிழல் எந்த நோய் என்று ஒப்பிட்டுப் பார்த்தார். அவர் யூதர். ஹிட்லர் ஆட்சியில் வேலை போய், கடைசியில் நாட்டைவிட்டே தப்பவேண்டியதாயிற்று. அவருடைய மகள் ஷார்லட் சாலமன் ஓவியர், 1943ல் ஆஷ்விட்ஸில் கொல்லப்பட்டார். இது நம் விஷயத்துக்கு நேரடிச் சம்பந்தமில்லை. ஆனாலும் படித்தபிறகு சொல்லாமல் இருக்க மனம் வரவில்லை.

இந்தக் கதையின் நடு முடிச்சு மார்பகத்தில் விழவில்லை, நுரையீரலில் விழுந்தது. இரண்டாம் உலகப்போர் முடிந்த சமயம். அமெரிக்காவில் காசநோயைக் கண்டுபிடிக்கக் கூட்டம் கூட்டமாக மார்பு எக்ஸ்ரே எடுத்துக்கொண்டிருந்தார்கள். பெரிய ஃபிலிம் நல்லதா, செலவு குறைந்த சின்ன ஃபிலிம் போதுமா என்று ஒரு கேள்வி. 1256 பேரை நான்கு விதமான ஃபிலிமில் படம் எடுத்து, ஐந்து நிபுணர்களிடம் தனித்தனியாகக் கொடுத்தார்கள். முடிவு 1947ல் வந்தது. எந்த ஃபிலிம் நல்லது என்று தெரிந்துகொள்ளப் போனவர்களுக்கு வேறொன்று தெரிந்தது. ஃபிலிமுக்கும் ஃபிலிமுக்கும் இருந்த வித்தியாசத்தைவிட, பார்த்தவருக்கும் பார்த்தவருக்கும் இருந்த வித்தியாசம் பெரிது! நோய் தெரிகிற படங்களில் கால் பங்குக்கும் மேல் ஒருவர் விட்டுவிடுகிறார். அதைவிட வேடிக்கை, அதே படங்களை அதே ஆளிடம் சில மாதம் கழித்துக் கொடுத்தால், ஐந்தில் ஒரு பங்கு இடங்களில் தான் முன்பு சொன்னதற்கே மாற்றிச் சொல்கிறார்.

இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு பழைய விஷயம் ஞாபகம் வந்தது. ஒரு அரையாண்டுத் தேர்வில், 'எங்கள் ஊர்' என்று கட்டுரை. ஒரு பையனின் விடைத்தாளில் மார்க் போட்ட பக்கம் மழையில் நனைந்து அழிந்துவிட்டது. மறுபடி திருத்தினேன். 5 போட்டேன். பிறகு பதிவேட்டைப் பார்த்தால் முதலில் 7 போட்டு ஏற்றியிருக்கிறேன். அதே கட்டுரை, அதே டீச்சர். முதல் தடவை காலையில் முதல் ஆளாகத் திருத்தியிருப்பேன், இரண்டாம் தடவை அறுபதாவது தாளாக இருந்திருக்கும். (அந்தப் பையன் இந்தப் பதிவைப் படிப்பான் என்று தெரியும். உனக்கு 7தான் இருந்தது, பயப்படாதே.)

அந்த ஆராய்ச்சியில் இருந்த புள்ளியியலாளர் ஜேக்கப் யெருஷால்மி. பார்ப்பவரின் திறமையை ஒரே எண்ணில் சொல்லக்கூடாது, இரண்டாகப் பிரிக்கவேண்டும் என்று அவர் அதே 1947ல் எழுதினார். நோய் உள்ளவர்களில் எத்தனை பேரைச் சரியாகப் பிடிக்கிறார் என்பது ஒன்று. நோய் இல்லாதவர்களில் எத்தனை பேரைச் சரியாக விட்டுவிடுகிறார் என்பது இன்னொன்று. ஏன் இரண்டு வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். வருகிற எல்லோரையும் 'நோய் இருக்கிறது' என்று சொல்லிவிட்டால் ஒரு நோயாளியும் தப்பமாட்டார், முதல் எண் நூற்றுக்கு நூறு. ஊரில் பாதிப் பேர் காரணமில்லாமல் அழுதுகொண்டு ஊசி குத்திக்கொள்ளப் போவார்கள். எல்லோரையும் 'ஒன்றுமில்லை' என்று அனுப்பினால் இரண்டாவது எண் நூறு, நோயாளிகள் கதி அவ்வளவுதான். வகுப்பில் எல்லோரையும் பாஸ் போடும் வாத்தியாரும் எல்லோரையும் ஃபெயிலாக்கும் வாத்தியாரும் மாதிரி. இருவருமே விடைத்தாளைப் படிக்கவில்லை.

இந்தப் படிப்பினை நம் ஊர்ப் பக்கம் சீக்கிரமே வந்துவிட்டது என்பதில் எனக்குச் சந்தோஷம். 1956ல் சென்னையில் காசநோய் மருந்து ஆராய்ச்சி மையம் தொடங்கினார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் எல்லாம் சேர்ந்து செய்தது. சானடோரியத்தில் படுக்கவைத்து மருந்து கொடுப்பதும், நோயாளியை வீட்டிலேயே வைத்துக் கொடுப்பதும் ஒரே பலன்தான் என்று 1959ல் உலகத்துக்குச் சொன்னது இந்த மையம்தான். அந்த ஆராய்ச்சியில் எக்ஸ்ரே படங்களைப் பார்த்துச் சொன்னவருக்கு, இது வீட்டு நோயாளியின் படமா, சானடோரியம் நோயாளியின் படமா என்று சொல்லவில்லை. தெரிந்தால் மனம் ஒரு பக்கம் சாயும் அல்லவா? விடைத்தாளில் பேரை மறைத்துவிட்டு நம்பர் போடுவது போலத்தான். பிறகு 1968ல் செங்கல்பட்டு மாவட்டத்தில், திருவள்ளூர் பக்கம், லட்சக்கணக்கான பேரை வைத்துப் பிசிஜி தடுப்பூசியைச் சோதித்தபோது, படங்களை இரண்டு பேர் தனித்தனியாகப் படித்தார்கள். ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரியாது. கிராமத்து ஜனங்களின் படத்துக்கு இரண்டு ஜோடிக் கண்கள்! அறுபது வருஷத்துக்கு முந்தைய தமிழ்நாட்டில் இது நடந்திருக்கிறது.

மறுபடி மார்பகத்துக்கு வருகிறேன். 1960ல் அமெரிக்காவில் ராபர்ட் ஈகன் என்பவர் தெளிவான மார்பகப் படம் எடுக்கும் முறையை வெளியிட்டார். 1963ல் நியூயார்க்கில் 40 முதல் 64 வயது வரை சுமார் 62,000 பெண்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மட்டும் வருஷா வருஷம் பரிசோதனை செய்து பார்த்தார்கள். பரிசோதித்த கூட்டத்தில் மார்பகப் புற்றுநோய்ச் சாவு குறைந்தது. ஸ்வீடனில் 1977ல் தொடங்கிய பெரிய ஆராய்ச்சியும் 1985ல் அதையே சொன்னது. அதற்குப் பிறகுதான் நாடுகள் திட்டம் போட்டு எல்லாப் பெண்களையும் கூப்பிட ஆரம்பித்தன.

இந்த நடுவில் ராடார் வந்து சேர்ந்த கதை ஒன்று இருக்கிறது. போரில் ராடார் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவருக்கு ஒரு புள்ளி தெரிகிறது. எதிரி விமானமா, பறவையா? சின்னப் புள்ளிக்கெல்லாம் மணி அடித்தால் ஊரே தூங்காது. பெரிய புள்ளிக்குத்தான் அடிப்பேன் என்றால் குண்டு விழுந்தபிறகு அடிக்கவேண்டியிருக்கும். ஒரு ஆள் எவ்வளவு பயந்தவர் என்பது வேறு, எவ்வளவு கண்ணுள்ளவர் என்பது வேறு. இரண்டையும் பிரித்துப் பார்க்க ஒரு வளைகோட்டைப் பொறியாளர்கள் கண்டுபிடித்தார்கள். லீ லஸ்டெட் என்ற மருத்துவர் 1960ல் அதே கணக்கை எக்ஸ்ரே பார்ப்பவர்களுக்குப் போட்டுக் காட்டினார். இன்றைக்கும் மேமோகிராம் பார்ப்பவரை அளக்க இந்த வளைகோடுதான். ஒருவர் சந்தேகம் என்று நிறையப் பேரைத் திருப்பிக் கூப்பிடுகிறார், இன்னொருவர் குறைவாகக் கூப்பிடுகிறார் என்றால், உடனே முதலாமவர் கெட்டிக்காரர் என்று சொல்ல முடியாது. கோட்டில் இருவரும் ஒரே திறமையில் இருக்கலாம், பயம் மட்டும் வேறாக இருக்கலாம். கறாரான டீச்சரும் தாராளமான டீச்சரும் ஒரே அளவு தமிழ் தெரிந்தவர்களாக இருப்பதில்லையா?

1994ல் ஜோன் எல்மோர் என்ற மருத்துவர் குழுவினர் செய்த சோதனை பெரிய பரபரப்பை உண்டாக்கியது. 150 பெண்களின் படங்கள். அதில் 27 பேருக்குப் புற்றுநோய் உண்டு என்று ஏற்கெனவே தெரியும். பத்து நிபுணர்களிடம் கொடுத்தார்கள். புற்றுநோய் உள்ளவர்களை உடனே மேல்பரிசோதனைக்கு அனுப்பச் சொன்னதில், குறைந்தவர் நூற்றுக்கு 74, கூடியவர் 96. இது பரவாயில்லை என்று நினைப்பீர்கள். நோயே இல்லாத பெண்களில் எத்தனை பேரை அனுப்பச் சொன்னார்கள் தெரியுமா? ஒருவர் நூற்றுக்கு 11, இன்னொருவர் 65. உங்கள் படம் யார் மேஜைக்குப் போகிறது என்பதைப் பொறுத்து, நீங்கள் அன்றிரவு தூங்குவதும் தூங்காததும்!

இந்த மாதிரிச் சோதனைகளைப் பார்த்துவிட்டுச் சிலர் மேமோகிராமே வேண்டாம் என்றார்கள், நம் வீட்டில் சொன்ன மாதிரியே. பிரிட்டன் வேறு வழியில் போயிற்று. 1986ல் ஃபாரஸ்ட் குழு அறிக்கை கொடுத்தது. 1988ல் நாடு முழுக்கப் பரிசோதனைத் திட்டம் தொடங்கியது. அங்கே ஒவ்வொரு படத்தையும் இரண்டு பேர் பார்ப்பது வழக்கம், ஒத்துப்போகாவிட்டால் மூன்றாமவரோ குழுவோ முடிவு செய்யும். படம் பார்க்கிறவர் வருஷத்துக்குக் குறைந்தது 5000 பேர் படமாவது பார்த்திருக்கவேண்டும். (அமெரிக்கச் சட்டத்தில் இரண்டு வருஷத்துக்கு 960 போதும். வித்தியாசத்தைப் பாருங்கள்.) அதற்கும் மேலே, 'பெர்ஃபார்ம்ஸ்' என்று ஒரு பரீட்சை. ஆலஸ்டெர் கேல் என்ற ஆய்வாளர் வடிவமைத்தது. விடை தெரிந்த கடினமான படங்களாகப் பொறுக்கி ஒரு கட்டாகக் கொடுப்பார்கள். நாடு முழுக்க எல்லோரும் அதே கட்டைப் பார்த்துத் தங்கள் முடிவைப் பதிவு செய்யவேண்டும். பிறகு அவரவர் மார்க் அவரவருக்கு மட்டும் வரும், கூடவே பேரில்லாமல் மற்றவர்கள் எங்கே நிற்கிறார்கள் என்ற படமும் வரும். எந்த மாதிரி நிழலை வழக்கமாக விடுகிறார் என்று அவருக்கே தெரிந்துவிடும். அவமானப்படுத்தாமல் திருத்துகிற முறை. என் காலத்தில் எங்களுக்கு இப்படி ஒரு பரீட்சை வைத்திருந்தால் நான் இன்னும் நல்ல டீச்சராக இருந்திருப்பேன்.

இன்னொன்று எனக்குப் பிடித்தது. அங்கே படம் பார்ப்பவர்கள் எல்லோரும் டாக்டர்கள் இல்லை. 2023ல் வந்த ஒரு கணக்கில் அந்தப் பரீட்சை எழுதிய 552 பேரில் 315 பேர்தான் ரேடியாலஜிஸ்ட். 206 பேர் பயிற்சி பெற்ற ரேடியோகிராஃபர்கள், 31 பேர் மார்பக மருத்துவர்கள். உரிய பயிற்சி பெற்றிருந்தால், டாக்டராக இல்லாவிட்டாலும் உட்கார்ந்து பார்க்கலாம். டிப்ளமா படித்துவிட்டு வந்ததற்காகச் சிலர் பேசிய பேச்சைக் கேட்டவள் என்பதால் இதைக் கொஞ்சம் சத்தமாகவே சொல்கிறேன்.

அதே 2023 கணக்கு, அந்த 552 பேரையும் ஒரு கம்ப்யூட்டர் நிரலையும் ஒரே கேள்வித்தாளில் உட்காரவைத்துப் பார்த்தது. நோயைப் பிடித்ததில் மனிதர்கள் சராசரி 90, கம்ப்யூட்டர் 91. ஏறக்குறைய சமம். ஸ்வீடனில் 80,000 பெண்களை வைத்து நடந்த சோதனையில் கம்ப்யூட்டர் துணையோடு பார்த்தபோது டாக்டர்களின் வேலை 44 சதவீதம் குறைந்தது, புற்றுநோய் பிடிபட்டதும் ஆயிரத்துக்கு 5.1லிருந்து 6.1 ஆயிற்று. பேரப்பிள்ளைகள் இதைப் பற்றி என்னைவிட நன்றாகச் சொல்வார்கள், விட்டுவிடுகிறேன்.

ஆனால் அந்த 5.1 என்ற எண்ணைக் கொஞ்சம் நின்று பாருங்கள். ஆயிரம் பெண்களில் ஐந்து பேர். மற்ற 995 படங்களும் 'ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை' என்றே போகின்றன. அப்படிப் போகிற மனதுக்கு என்ன ஆகும்? 2013ல் அமெரிக்காவில் இதைச் சோதித்தார்கள். விடை தெரிந்த படங்களை ஒன்பது மாதம் அன்றாட வேலைக்கு நடுவே ஒன்றிரண்டாகக் கலந்துவிட்டார்கள். அப்போது நூற்றுக்கு 30 புற்றுநோயை விட்டார்கள். அதே படங்களைப் பரீட்சை மாதிரி, பாதிக்குப் பாதி நோய் உள்ளதாகக் கொடுத்தபோது விட்டது 12தான். இங்கே கண்ணைக் குறை சொல்லி என்ன பயன்? அரிதாக வருவதை மனம் எதிர்பார்க்க மறுக்கிறது. அதே வருஷம் இன்னொரு குறும்பான சோதனை. நுரையீரல் ஸ்கேன் படத்தில் ஒரு கொரில்லா பொம்மையைப் பதித்து 24 ரேடியாலஜிஸ்ட்டுகளுக்குக் கொடுத்தார்கள். 20 பேர் கொரில்லாவைப் பார்க்கவில்லை. அவர்கள் தேடியது சின்ன முடிச்சுகளை.

இதையெல்லாம் படித்தபிறகுதான் சித்தி மகளின் பழைய ஃபிலிம் பற்றிய என் கோபம் கொஞ்சம் இறங்கியது. இரண்டாவது டாக்டருக்குக் கட்டி எங்கே இருக்கிறது என்று முன்பே தெரியும். விடை தெரிந்தபிறகு கேள்வி எளிது. கரும்பலகையில் எழுத்துப்பிழையோடு எழுதிவிட்டு முப்பது பிள்ளைகளும் கவனிக்காமல் காப்பி பண்ணியிருப்பார்கள். ஒருவன் "டீச்சர், கால் விட்டுட்டீங்க" என்றதும் முப்பது பேரும் "ஆமா டீச்சர், நானும் பார்த்தேன்" என்பார்கள். இரண்டு பரிசோதனைக்கு நடுவே வருகிற புற்றுநோய்களின் பழைய படங்களை எடுத்து ஆராய்வதை நல்ல திட்டங்களில் வேலையாகவே வைத்திருக்கிறார்கள். சிலவற்றில் அப்போதே தெளிவாக இருந்திருக்கும், தவறிவிட்டது. சிலவற்றில் இருந்தும் இல்லாத மாதிரி. சிலவற்றில் எவ்வளவு தேடினாலும் ஒன்றும் இருக்காது, நோய் பிறகு வந்தது. எங்கள் வீட்டுப் படம் எந்த ரகம் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. அந்த டாக்டரைக் காப்பாற்ற நான் இதை எழுதவில்லை. அவர் வருஷத்துக்கு எத்தனை படம் பார்க்கிறார், எத்தனை விடுகிறார் என்று அவருக்கே யாராவது சொல்லியிருக்கிறார்களா என்பதுதான் என் கேள்வி. அவர் தனி ஆளாக, இரண்டாவது கண் இல்லாமல் பார்த்தார். கேஸ் போடவேண்டும் என்றால் அந்த ஏற்பாட்டின் மேல்தான் போடவேண்டும்.

நம் நாட்டில் எல்லாப் பெண்களையும் மேமோகிராமுக்குக் கூப்பிடும் திட்டம் கிடையாது. மெஷின் விலை ஒரு பக்கம், படிக்கத் தெரிந்த ஆள் பற்றாக்குறை இன்னொரு பக்கம். அதனால்தான் மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் இந்திரனீல் மித்ரா குழுவினர் 1998ல் வேறு வழியில் இறங்கினார்கள். 35 முதல் 64 வயது வரை 1,51,538 பெண்கள். ஒரு பாதிக்கு இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை, பயிற்சி கொடுத்த பெண் சுகாதாரப் பணியாளர்கள் கையால் தொட்டுப் பார்த்தார்கள். படம் இல்லை, மெஷின் இல்லை. இருபது வருஷம் தொடர்ந்து 2021ல் முடிவை வெளியிட்டார்கள். 50 வயதுக்கு மேற்பட்ட பெண்களில் மார்பகப் புற்றுநோய்ச் சாவு சுமார் 30 சதவீதம் குறைந்திருந்தது. வயது குறைந்தவர்களிடம் அந்தப் பலன் தெரியவில்லை. இங்கேயும் டாக்டர் பட்டத்தைவிடப் பயிற்சியும் கண்காணிப்பும்தான் வேலை செய்திருக்கிறது.

அடையாறு புற்றுநோய் மருத்துவமனையை முத்துலட்சுமி ரெட்டி அம்மா 1954ல் தொடங்கியதும், அதற்குக் காரணம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தது என்பதும் உங்களுக்கு வகுப்பிலேயே சொல்லியிருக்கிறேன். அங்கே சாந்தா அம்மாவின் காலத்தில், 1980களின் தொடக்கத்திலிருந்து சென்னையில் யாருக்கு எந்தப் புற்றுநோய் என்று பதிவேடு வைத்து வருகிறார்கள். அதில் முன்பு முதலிடத்தில் இருந்தது கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய், பிறகு மார்பகம் முந்திவிட்டது. எண்ணி வைத்ததால்தான் அது தெரிந்தது. நோயாளிகளை எண்ணிய மாதிரி, படம் பார்ப்பவர்கள் தவறவிட்டதையும் எண்ணினால் என்ன?

தம்பி மனைவியிடம் இதையெல்லாம் ஒரு மதியம் முழுக்கச் சொன்னேன். 74 என்றால் நூற்றில் 26 பேரை விடுகிறார்களே அக்கா என்றாள். ஆமாம், 74 பேரைப் பிடிக்கிறார்களே, அதுவும் அந்தப் பத்துப் பேரில் கடைசியாக வந்தவர் என்றேன். படம் 'ஒன்றுமில்லை' என்று வந்தாலும் கையில் கட்டி பட்டால் காத்திருக்கக்கூடாது, உடனே போகவேண்டும் என்பதையும் இரண்டு தடவை சொன்னேன். சித்தி மகளும் ரிப்போர்ட்டை நம்பி மூன்று வாரம் சும்மா இருந்துவிட்டாள்.

அவளுக்குக் கீமோ முடிந்து முடி வளர ஆரம்பித்திருக்கிறது. அடுத்த மாதம் இன்னொரு பக்கத்துக்கு மேமோகிராம். பழைய ஃபிலிம், சிடி எல்லாவற்றையும் ஒரு துணிப்பையில் போட்டு பீரோ மேல் வைத்திருக்கிறேன், முந்தைய படத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க டாக்டருக்கு உதவும். இரண்டு பேர் பார்ப்பார்களா என்று போனில் முன்கூட்டியே கேட்டுவிட்டுத்தான் இடத்தை முடிவு செய்தோம். காலை ரயிலில் போகிறோம். தம்பி மனைவியும் தனக்கும் சேர்த்துப் பேர் கொடுக்கச் சொல்லியிருக்கிறாள்.